சுடுதண்ணி பொய்லர் சத்தம் போட்டால் முதலில் நெருப்பை எடுங்கள்



இந்த முறை பாடம் சத்தத்தைப் பற்றியது. மேளச் சத்தமோ பிரட்டுச் சங்கோ இல்லை. சுடுதண்ணி கொதிக்கிற பாத்திரம் போடுகிற சத்தம்.

நம்ம நோர்வூட் பக்கம் குளிர் எப்படி என்று சொல்லத் தேவையில்லை. விடியக்காலையில பீலித் தண்ணியில கை வைத்தால் விரல் விறைக்கும். அதனால சுடுதண்ணி இல்லாத வீடு நம்மகிட்ட கிடையாது. முன்பெல்லாம் அடுப்பில ஒரு கேத்தலும் ஒரு பெரிய பானையும்தான் இருந்தது. விறகு போட்டு எரிக்கிற சுடுதண்ணி பொய்லர் பங்களாவில மட்டும் இருந்தது. இப்போது நிலைமை மாறிவிட்டது. லயத்தை விட்டுத் தனி வீட்டுக்குப் போன குடும்பங்கள் நிறைய. 2017 மே 12 அன்று நோர்வூட்டில் நடந்த கூட்டத்தில்தான் இந்தியப் பிரதமர் மலையகத்துக்கு மேலும் 10,000 வீடுகள் என்று அறிவித்தார். தனி வீடு வந்தால் குளியலறை வருகிறது. கொழும்பில் வேலை செய்கிற பிள்ளை அம்மாவுக்கென்று சுடுதண்ணி ஹீற்றர் வாங்கி அனுப்புகிறது. கேஸ் அடுப்பும் பிறஷர் குக்கரும் வருகிறது. சாமான் வருகிறது, அதைப் பாவிக்கிற விபரம் கூடவே வருவதில்லை. பெட்டிக்குள் இருக்கும் கடதாசி பெரும்பாலும் ஆங்கிலத்தில்.

ஆகவே இந்தப் பாடத்தை ஒருவர் வாசிக்க, வீட்டில் எல்லோரும் கேளுங்கள். முக்கியமாக, பெற்றோர் மலைக்குப் போன பிறகு வீட்டில் இருக்கிற பாட்டியும் பெரிய பிள்ளைகளும் கேட்க வேண்டும்.

தண்ணி ஏன் சத்தம் போடுகிறது?

அடுப்பில் கேத்தலை வைத்துக் கேட்டுப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் “உம்ம்” என்று ஒரு சத்தம் வரும். அடியில் சூடான இடத்தில் தண்ணி சின்னச் சின்ன ஆவிக் குமிழியாகிறது. அந்தக் குமிழி மேலே எழும்புகிறது. மேலே தண்ணி இன்னும் பச்சையாக இருப்பதால் குமிழி அங்கே நசுங்கிப் போகிறது. ஆயிரக்கணக்கான குமிழி நசுங்குகிற சத்தம்தான் அந்த “உம்ம்”. எல்லாத் தண்ணியும் நன்றாகக் கொதித்தவுடன் குமிழி நசுங்காமல் மேலே வந்து உடையும். சத்தமும் மாறி “சளபுள” என்று கேட்கும். இது நல்ல சத்தம். பயப்பட ஒன்றும் இல்லை.

ஆனால் ஒரு கணக்கை மனதில் வையுங்கள். ஒரு லீற்றர் தண்ணி முழுவதும் ஆவியானால் 1,600 லீற்றருக்கு மேல் இடம் கேட்கும். கேத்தலுக்கு மூக்கு இருக்கிறது, ஆவி வெளியே போய்விடுகிறது. மூக்கே இல்லாத, நான்கு பக்கமும் மூடிய இரும்புத் தாங்கியில் அதே தண்ணி கொதித்தால் அந்த ஆவி எங்கே போகும்? வழி கிடைக்காவிட்டால் இரும்பைக் கிழித்துக்கொண்டு போகும்.

இது புதுக் கதை இல்லை. பிரான்ஸ் நாட்டில் பிறந்த டெனிஸ் பாப்பின் என்பவர் 1679 இல் லண்டனில் ஆவியை அடைத்துச் சமைக்கிற ஒரு பாத்திரம் செய்து காட்டினார். இப்போதைய பிறஷர் குக்கருக்கு அதுதான் பாட்டன். ஆவி அளவுக்கு மேல் போனால் தானே தூக்கிக்கொண்டு வெளியே விட, பாரம் வைத்த ஒரு வால்வையும் அவர் வைத்தார். முன்னூற்று நாற்பது வருடம் கழிந்தும் விதி அதேதான்: ஆவிக்கு ஒரு வழி வேண்டும், அந்த வழியை எவரும் அடைக்கக் கூடாது.

1. பங்களாவின் விறகு பொய்லர்

பழைய பங்களாக்களில் குசினிக்குப் பின்னால் அல்லது வெளியில் ஒரு சின்னக் கொட்டிலில் இந்தப் பொய்லர் இருக்கும். சில இடத்தில் இன்னும் எரிகிறது. உயரத்தில் ஒரு பச்சைத் தண்ணித் தாங்கி. அதிலிருந்து பொய்லருக்கு ஒரு குழாய். பொய்லரின் மேலிருந்து குளியலறைக்கு ஒரு குழாய். இன்னொரு குழாய் வாய் திறந்தபடி கூரைக்கு மேலே நிற்கும். அதுதான் ஆவி போகிற வழி. அதை எரிக்கிறது நம்ம ஆட்கள்தான். மிலாறும் விறகும் போட்டு, விடியற்காலை நான்கு ஐந்து மணிக்கே எரிக்கத் தொடங்குவார்கள். அவர்கள் கேட்கக்கூடிய சத்தங்கள் இவை:

“டிக், டிக்”: குழாய் சூட்டில் நீளுகிற சத்தம். கூரைத் தகரம் வெயிலில் போடுகிற மாதிரி. பயமில்லை.

“கட கட, கொட கொட”: பொய்லருக்கு அடியில் கல் உருளுகிற மாதிரி. அடியில் மண்டி சேர்ந்திருக்கிறது. நம்ம பக்கத்துத் தண்ணி ஓடையிலிருந்தும் ஊற்றிலிருந்தும் வருவது. பெரிய மழைக்குப் பிறகு மண்ணும் இலைத்தூளும் கலந்து வரும். அது பொய்லர் அடியில் படிந்து கட்டியாகும். நெருப்பின் சூடு அந்த மண்டிக்குக் கீழே மாட்டிக்கொண்டு, அங்கே மட்டும் தண்ணி கொதித்து முட்டுகிறது. அந்த இடத்தில் இரும்பு அளவுக்கு மீறிச் சூடாகி நாளடைவில் பழுதாகும். இன்றைக்கே வெடிக்காது; ஆனால் இது நோய்க்கு முன்வரும் இருமல். நெருப்பை அணைத்து, பொய்லர் முழுவதும் ஆறிய பிறகு, அடிக்குழாயைத் திறந்து மண்டியைக் கழுவ வேண்டும்.

“டம், டம்” என்று குழாயில் சம்மட்டி அடி: பைப்பைச் சட்டென்று மூடும்போது ஒரு தடவை மட்டும் கேட்டால், ஓடுகிற தண்ணி திடீரென்று நின்று இடிக்கிறது. பைப்பை மெதுவாக மூடினால் சரி. ஆனால் யாரும் பைப்பைத் தொடாத நேரத்திலும் குழாய் அடித்துக்கொண்டே இருந்தால், தண்ணி அளவுக்கு மேல் கொதித்து ஆவி குழாய்க்குள் போய்விட்டது. இது ஆபத்து.

“உஸ்ஸ்” என்று சீறல்: எங்கோ கசிந்த தண்ணி சூடான இரும்பில் விழுகிறது, அல்லது ஆவி பீறிடுகிறது. எங்கே என்று குனிந்து பார்க்காதீர்கள். ஆவி வெளியே வரும் இடத்தில் கண்ணுக்கே தெரியாது. கொஞ்சம் தள்ளித்தான் வெள்ளையாகப் புகை மாதிரி தெரியும். தெரியாத இடத்தில்தான் முகம் வெந்து போகும்.

நெருப்பு நன்றாக எரிகிறது, ஆனால் சத்தமே இல்லை. காய்ந்த இரும்பு மணம்: இதுதான் எல்லாவற்றிலும் மோசம். உள்ளே தண்ணி இல்லை. மேல் தாங்கிக்கு வருகிற குழாயில் இலை அடைத்திருக்கும், அல்லது லைனில் தண்ணி நின்றிருக்கும். இந்த நேரத்தில் “ஐயோ தண்ணி இல்லையே” என்று பச்சைத் தண்ணியைத் திறந்து விடவே கூடாது. சிவக்கக் காய்ந்த இரும்பில் பச்சைத் தண்ணி பட்டால் ஒரே நொடியில் ஆவியாகும். இரும்பும் வெடிக்கும், பக்கத்தில் நிற்கிற ஆளும் போவார்.

என்ன செய்ய வேண்டும்? வரிசை மாறாமல் நான்கு வேலை:

ஒன்று, எரிகிற விறகை வெளியே இழுத்துப் போடுங்கள். மிச்சத் தணலில் காய்ந்த சாம்பலோ மண்ணோ போடுங்கள். அடுப்பு வாய்க்குள் தண்ணி ஊற்ற வேண்டாம். சீறலோ இடியோ பலமாக இருந்தால் விறகை இழுக்கவும் கிட்டப் போக வேண்டாம், அப்படியே விலகுங்கள்.

இரண்டு, தள்ளிப் போங்கள். மற்றவர்களையும், குளியலறையில் இருக்கிறவரையும் வெளியே வரச் சொல்லுங்கள்.

மூன்று, எதையும் திறக்காதீர்கள், மூடாதீர்கள், தட்டாதீர்கள். தானாக ஆறட்டும். அரை நாள் ஆனாலும் ஆறட்டும்.

நான்கு, பிறகு போய்ச் சொல்லுங்கள்.

இந்த வரிசையைக் கவனியுங்கள். “சொல்லுங்கள்” என்பது நான்காவது. நம்ம ஆட்கள் அதை முதலாவதாக வைக்கிறார்கள். “தொரை குளிக்கணும், சுடுதண்ணி இல்லாட்டி ஏசுவாங்க, கேட்டுட்டு அணைப்போம்” என்று நினைத்து, அப்புவைத் தேடிப் போகிறார்கள், கிளாக்கரைத் தேடிப் போகிறார்கள். அதற்குள் நெருப்பு தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறேன்: ஆபத்துச் சத்தம் கேட்டால் நெருப்பை எடுக்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஒரு நாள் குளிக்காமல் இருந்தவர் எவரும் செத்ததில்லை. பங்களாவில் பொறுப்பாக இருப்பவர்களும் இதைத் தங்கள் வேலையாட்களுக்கு வாய் திறந்து சொல்லி வைக்க வேண்டும்.

எரிக்க முன் தினமும் ஒரு சோதனை: குளியலறையில் சுடுதண்ணிப் பைப்பைத் திறந்து பாருங்கள். தண்ணி தாராளமாக வந்தால் பொய்லர் நிறைந்திருக்கிறது. வராவிட்டால் நெருப்பு வைக்கக் கூடாது. கூரைக்கு மேலே நிற்கும் ஆவிக் குழாயில் குருவிக்கூடு, குளவிக்கூடு இருக்கிறதா என்று மாதத்துக்கு ஒரு தடவை பார்க்க வேண்டும்.

2. வீட்டுக் கரண்ட் ஹீற்றர்

தாங்கி வைத்த ஹீற்றரிலும் அதே கதைதான். நெருப்புக்குப் பதில் உள்ளே சூடேறும் கம்பி. “கொட கொட” சத்தம் என்றால் அதிலும் மண்டி.

ஹீற்றருக்கு அடியில் ஒரு சின்ன வால்விலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணி விழும். பலர் இதைப் பழுது என்று நினைத்து, கட்டையை அடித்தோ பசை வைத்தோ அடைத்துவிடுகிறார்கள். அது பழுது இல்லை. 50 லீற்றர் தண்ணி 60 பாகைக்குச் சூடேறும்போது முக்கால் லீற்றர் அளவு பெருகும். பெருகியது வெளியே வர வைத்த வழி அது. அதை அடைப்பது கேத்தலின் மூக்கை அடைத்து மூடியையும் கட்டி அடுப்பில் வைப்பதற்குச் சமம். சொட்டுகிற இடத்துக்குக் கீழே ஒரு வாளி வையுங்கள், போதும். சூடேறாத நேரத்திலும் ஓயாமல் ஓடினால் மட்டும் ஆளைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

தாங்கிக்குள் கேத்தல் கொதிக்கிற சத்தம் கேட்டால், அல்லது பைப்பில் ஆவி வந்தால், சூட்டை அளந்து நிறுத்துகிற கருவி வேலை செய்யவில்லை. மெயின் சுவிட்ச் போர்டில் கரண்டை நிறுத்துங்கள். பைப்பைத் திறக்க வேண்டாம். ஆறும் வரை குளியலறைக் கதவைச் சாத்தி வையுங்கள்.

சுவரில் மாட்டுகிற சின்ன உடனடி ஹீற்றர், அதன் சுவிட்ச், பிளக் ஆகியவற்றில் “சட சட”, “ஸ்ஸ்” என்று கேட்டால் அது தண்ணிச் சத்தம் இல்லை, கரண்ட் சத்தம். வயர் தளர்ந்து பொறி பறக்கிறது. ஈரக் கையால் தொடாமல் மெயினை நிறுத்துங்கள். லைட் எரிவதற்கென்று இழுத்த பழைய மெல்லிய வயரில் ஹீற்றர் பூட்டவே கூடாது. அதற்குத் தனித் தடித்த வயரும், எர்த்தும், டிரிப் சுவிட்சும் வேண்டும். தெரிந்த மின்சார வேலைக்காரர்தான் பூட்ட வேண்டும். “மச்சான் கொஞ்சம் தெரியும்” என்பது போதாது.

3. பிறஷர் குக்கர்

ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,270 மீற்றர் உயரம். நம்ம பக்கமும் அதற்குக் கிட்டத்தட்ட அந்த அளவுதான். இந்த உயரத்தில் தண்ணி 100 பாகையில் கொதிப்பதில்லை. 96 பாகை அளவிலேயே கொதித்துவிடும். அதனால்தான் கடலையும் பயறும் நம்ம வீட்டில் வேக நேரமெடுக்கிறது. குக்கர் ஆவியை அடைத்து 115 பாகைக்கு மேல் கொண்டு போகிறது, சீக்கிரம் வேகிறது. விறகு மிச்சம், நேரம் மிச்சம். நல்ல சாமான்தான். ஆனால் அதன் பேச்சைக் கேட்க வேண்டும்.

விசில் ஒழுங்காக அடித்தால் நல்லது. வழக்கமாக விசில் வருகிற நேரம் கடந்தும் விசில் வராவிட்டால்தான் யோசிக்க வேண்டும். மூடி ஓரத்தால் ஆவி போனால் றப்பர் வளையம் தேய்ந்திருக்கும். எங்கேயும் ஆவி வராமல் குக்கர் மௌனமாக இருந்தால், பருப்புத் தோல் விசில் ஓட்டையை அடைத்திருக்கும், அல்லது உள்ளே தண்ணி வற்றியிருக்கும். அடுப்பை நிறுத்துங்கள். விறகடுப்பு என்றால் விறகை இழுங்கள். குக்கரைத் தூக்க வேண்டாம், விசிலைத் தட்ட வேண்டாம், மூடியைத் திருகிப் பார்க்க வேண்டாம். ஆறட்டும். கழுவும்போது ஒவ்வொரு முறையும் விசில் ஓட்டையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். பருப்பு, கடலை போட்டால் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள்.

4. கேஸ்

2021 நவம்பர், டிசம்பர் மாதங்களை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். நாடு முழுக்க கேஸ் அடுப்பு வெடித்தது, கேஸில் தீப்பிடித்தது என்று நாளுக்கு நாள் செய்தி வந்தது. மொறட்டுவ பல்கலைக்கழகப் பேராசிரியர் சாந்த வல்பொல தலைமையில் ஜனாதிபதி ஒரு குழுவை நியமித்தார். சிலிண்டரில் புரொப்பேன், பியூட்டேன் என்ற இரண்டு வாயுக்களின் கலவை அளவு மாறியதே முக்கிய காரணம் என்று அந்தக் குழு சொன்னது. புரொப்பேன் கூடினால் சிலிண்டருக்குள் அமுக்கம் கூடும். பழைய ரியூப், தளர்ந்த ரெகுலேட்டர் ஆகியவற்றால் கேஸ் கசிவதும் சுலபமாகும். கலவையைச் சரிபார்ப்பது நம்ம கையில் இல்லை. ரியூப், ரெகுலேட்டர், நம்ம காது, நம்ம மூக்கு, இவை நம்ம கையில்.

ரெகுலேட்டரில் “உஸ்ஸ்” என்று கேட்டால், அல்லது கேஸ் மணம் வந்தால், நெருப்புக்குச்சி கிழிக்காதீர்கள். லைட் சுவிட்சைப் போடவும் வேண்டாம், நிறுத்தவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடுங்கள். பக்கத்தில் விறகடுப்போ சாமி விளக்கோ எரிந்தால் சிலிண்டர் கிட்டப் போகாமல் எல்லோரும் வெளியேறுங்கள். கதவு, ஜன்னலைத் திறந்து விடுங்கள். கேஸ் காற்றைவிடப் பாரம். தரையோடு தவழ்ந்து காணுக்குள்ளும் பள்ளத்து வீட்டுக்கும் போகும். ஆகவே கீழ் வீட்டுக்காரரையும் சத்தம் போட்டு எச்சரியுங்கள். லய வீடுகளில் சுவர் பொது, ஆபத்தும் பொது.

அடுப்பு “டப்” என்று வெடித்து அணைந்தால் பெரும்பாலும் பர்னர் மூடி சரியாக உட்காரவில்லை, அல்லது ஓட்டையில் அழுக்கு. நிறுத்தி, ஆறிய பிறகு கழுவிக் காயவைத்துப் பூட்டுங்கள். கேஸ் கசிகிறதா என்று பார்க்க ஒரே வழி சவர்க்கார நுரை பூசுவதுதான். குமிழி வந்தால் கசிவு. நெருப்புக்குச்சி காட்டிப் பார்ப்பது தற்கொலை.

5. சத்தமே போடாத ஆபத்து

இவ்வளவும் சத்தம் போட்டு எச்சரிக்கிறவை. ஒன்று மட்டும் சத்தம் போடாது, மணக்காது, கண்ணுக்கும் தெரியாது. அது கரித்தணலிலிருந்து வருகிற காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயு. மார்கழி, தைக் குளிரில் கரிச்சட்டியை வீட்டுக்குள் வைத்து, கதவையும் ஜன்னலையும் இறுக்கிச் சாத்திவிட்டுப் படுப்பவர்கள் இருக்கிறார்கள். தலைவலி, வாந்தி, தூக்கம் வரும். பிறகு எழும்ப முடியாது. புகை இல்லை, தணல்தானே என்று நினைக்காதீர்கள், தணலில்தான் இது அதிகம். கரிச்சட்டியைத் தூங்கும் அறையில் வைக்கவே வேண்டாம். பொய்லர் கொட்டிலுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு குளிர் காயவும் வேண்டாம்.

சுட்டுவிட்டால்

60 பாகைத் தண்ணி சில வினாடியில் பெரியவரின் தோலையே வேக வைக்கும். குழந்தைத் தோல் மெல்லியது, அதற்கு அந்த நேரமும் தேவையில்லை. சுட்ட இடத்தை உடனே ஓடுகிற பச்சைத் தண்ணியில் 20 நிமிடம் பிடியுங்கள். நம்ம பீலியே நல்ல மருந்து. குழந்தை என்றால் சுட்ட இடத்தை மட்டும் நனைத்து, மற்ற உடம்பைப் போர்த்தி வையுங்கள், குளிர் பிடிக்கக் கூடாது. வளையல், மோதிரம், அரைஞாண் கயிறு ஆகியவற்றை வீங்குமுன் கழற்றுங்கள். ஒட்டிக்கொண்ட துணியை இழுக்காதீர்கள். பற்பசை, நெய், தேங்காயெண்ணெய், மஞ்சள், ஐஸ் எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்க வேண்டாம். சுத்தமான துணியால் தளர்வாக மூடி டிக்கோயா வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். முகம், கை, பிறப்புறுப்பு சுட்டிருந்தாலும், சுட்டது குழந்தையை என்றாலும், காயம் சின்னதாகத் தெரிந்தாலும் போகத்தான் வேண்டும்.

வீட்டில் கேட்டுப் பார்க்க ஐந்து கேள்வி

பிள்ளைகள் கேட்க, பெரியவர்கள் பதில் சொல்லட்டும்.

1. குக்கர் விசில் அடிக்கவில்லை. முதலில் என்ன செய்வீர்கள்?
2. காய்ந்துபோன பொய்லருக்குள் பச்சைத் தண்ணி விடலாமா? ஏன் கூடாது?
3. ஹீற்றர் அடியில் சொட்டுகிற வால்வை அடைக்கலாமா?
4. நம்ம வீட்டு மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது? பாட்டிக்குத் தெரியுமா?
5. கேஸ் மணம் வந்தால் லைட்டைப் போடலாமா?

நான்காவது கேள்விக்குப் பதில் தெரியாத வீடுகள்தான் அதிகம் இருக்கும். இன்று இரவே மெயின் சுவிட்ச் இருக்கிற இடத்தை எல்லோருக்கும் காட்டி வையுங்கள். மற்றதெல்லாம் மறந்து போனாலும் இந்த வரிசையை மட்டும் மறக்க வேண்டாம்: சூட்டை நிறுத்து, தள்ளிப் போ, தொடாதே, பிறகு சொல்லு.